கான்டரில் இறங்கிய 38 விமானங்கள்

ஊருக்குப் போய்வரும் எந்தத் தமிழ்க் குடும்பத்திடமும் ஒரு தாமதக் கதை இருக்கும். இடைத்தரிப்பில் ஒரு முழு இரவும் கதிரையில் இருந்த கதை, பனி கொட்டும் ஓடுபாதையில் கதவு திறக்காமல் ஐந்து மணித்தியாலம் இருந்த கதை, மாமா கலியாணத்துக்கு வந்து சேர்ந்தபோது தாலி கட்டி முடிந்திருந்த கதை. பிறந்தநாள் விழாக்களில் பெரியவர்கள் இவற்றைச் சொல்லும் ஒவ்வொரு தடவையும் அந்தத் தாமதம் ஒரு மணித்தியாலம் நீண்டுவிடும். எங்களுக்குக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போன கதைகள்தான்.

ஆனால் தாமதத்துக்கும் ஒரு வரலாறு இருக்கிறது. அதில் மிகப் பெரிய வாரம் ஒன்று, கனடாவின் கிழக்கு நுனியில் உள்ள நியூஃபவுண்ட்லாந்து தீவில், கான்டர் என்ற சின்ன ஊரில் நடந்தது. அதே தீவில் எங்கள் ஆட்களின் கதை ஒன்றும் இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று எனக்குக் கனநாள் ஆசை. அப்படிப் பார்த்தால் ஒன்று விளங்கும்: காத்திருப்பின் நீளத்தைக் கடிகாரம் மட்டும் தீர்மானிப்பதில்லை. கதவுக்கு மற்றப் பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்பதும் சேர்ந்துதான் தீர்மானிக்கிறது.

கடலைத் தாண்ட ஒரு படிக்கல்

வீட்டில் உலக உருண்டை இருந்தால் எடுங்கள். லண்டனுக்கும் நியூயோர்க்குக்கும் நடுவே ஒரு நூலை இழுத்துப் பிடியுங்கள். நூல் அத்திலாந்திக்கின் நடுவால் போகாது. வடக்கே வளைந்து, நியூஃபவுண்ட்லாந்தைத் தொட்டுக்கொண்டு போகும். இரண்டு நகரங்களுக்கும் இடையில் மிகக் குறுகிய வழி அதுதான்.

1930களில் பயணிகளை ஏற்றிக்கொண்டு அந்தக் கடலை ஒரே மூச்சில் தாண்டுவது பெரிய சவால். நடுவில் எரிபொருள் நிரப்ப ஒரு படிக்கல் வேண்டும். அதற்காக 1936இல் கான்டர் ஏரிக்குப் பக்கத்துக் காட்டை வெட்டி வேலை தொடங்கினார்கள். 1938 ஜனவரியில் முதல் விமானம் அங்கே இறங்கியது. அப்போது நியூஃபவுண்ட்லாந்து கனடாவின் பகுதியாகவே இல்லை. 1949இல்தான் கனடாவோடு இணைந்தது.

வழக்கமாக ஊர் இருக்கும், பிறகு விமான நிலையம் வரும். கான்டரில் மறுவளம். விமான நிலையம் வந்த பிறகுதான் ஊர் வந்தது. இன்றும் அந்த ஊரின் பல தெருக்களுக்கு விமானிகளின் பெயர்கள்தான்.

இரண்டாம் உலகப் போர் அந்தப் படிக்கல்லின் பெறுமதியைக் காட்டியது. 1940 நவம்பர் 10ஆம் திகதி இரவு, ஏழு ஹட்சன் குண்டுவீச்சு விமானங்கள் கான்டரிலிருந்து கிளம்பி வட அயர்லாந்தில் போய் இறங்கின. விமானங்களைக் கப்பலில் ஏற்றி அனுப்பாமல் பறந்தே கொண்டுபோகலாம் என்று நிரூபித்த பயணம் அது. போர் முடிந்ததும் பயணிகள் விமானங்கள் வரத் தொடங்கின. ஐரோப்பாவிலிருந்து அமெரிக்கா போகிறவர்கள் அயர்லாந்தில் ஒரு முறை, கான்டரில் ஒரு முறை என்று இறங்கி ஏறிப் போனார்கள். எதிர்க்காற்று பலமாக அடித்தாலோ போகிற இடத்தில் மூடுபனி என்றாலோ, வானம் தெளியும்வரை அங்கேயே இருக்க வேண்டியதுதான். அந்தக் காலத்தில் காத்திருப்பும் பயணத்தின் ஒரு பங்கு. ரிக்கெற் வாங்கும்போதே அதையும் சேர்த்துத்தான் வாங்கினார்கள்.

பிறகு ஜெட் விமானங்கள் வந்தன. 1958 ஒக்டோபரில் லண்டனுக்கும் நியூயோர்க்குக்கும் இடையில் முதல் ஜெட் பயணிகள் சேவை தொடங்கியது. தொடக்கத்தில் ஜெட்டுகளும் எரிபொருளுக்காகக் கான்டரில் இறங்கின. ஆனால் அது நெடுங்காலம் நீடிக்காது என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அப்படியான நேரத்தில்தான், 1959 ஜூன் மாதம், எலிசபெத் மகாராணி வந்து கான்டரின் புதிய முனையத்தைத் திறந்துவைத்தார். உள்ளே 72 அடி நீளச் சுவரோவியம், அந்தக் காலத்துப் புதுப்பாணிக் கதிரைகள், பளபளக்கும் தரை. சில வருடங்களில் அந்தப் பளபளப்பான மண்டபத்துக்கு மேலால் விமானங்கள் இறங்காமலே பறந்து போகத் தொடங்கின.

ஆனாலும் ஓடுபாதைகள் அழியவில்லை. அவற்றில் நீளமானது 10,200 அடி. நடுக்கடலில் இயந்திரம் பழுதானாலோ ஒரு பயணிக்கு நெஞ்சுவலி வந்தாலோ இறங்குவதற்கு விமானிகளின் திட்டத்தில் எப்போதும் ஓர் இடம் குறித்திருக்க வேண்டும். அந்தப் பட்டியலில் கான்டர் தொடர்ந்து இருந்தது. தேவைப்படும் நாளுக்காக ஒரு பெரிய வீடு விளக்கைப் போட்டுக்கொண்டு காத்திருந்த மாதிரி.

வானம் பூட்டப்பட்ட காலை

அந்த நாள் 2001 செப்டெம்பர் 11. உங்களில் பலர் அப்போது பிறந்திருக்க மாட்டீர்கள். நான் மூன்றாம் வகுப்பு. ஸ்காபரோவில் எங்கள் அடுக்குமாடிக்கு மேலால் எப்போதும் ஒரு விமானமாவது போகும். அன்று பின்னேரம் வானத்தில் ஒன்றுமே இல்லை. அந்த அமைதி இன்னும் காதில் இருக்கிறது.

நியூயோர்க் நேரப்படி காலை 8:46க்கு ஒரு விமானமும் 9:03க்கு இன்னொரு விமானமும் உலக வர்த்தக மையக் கோபுரங்களில் மோதின. 9:45 அளவில், அமெரிக்க வானில் இருக்கும் எல்லா விமானங்களும் கிட்ட உள்ள நிலையத்தில் உடனே இறங்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. 4,000க்கும் மேற்பட்ட விமானங்கள். வரலாற்றில் அதற்கு முன் அப்படி ஓர் உத்தரவு வந்ததில்லை.

தரைக்கு மேலே பறந்தவை இறங்கிவிட்டன. கடலுக்கு மேலே இருந்தவை என்ன செய்வது? ஐரோப்பாவிலிருந்து காலையில் கிளம்பும் விமானங்கள் அந்த நேரத்தில் அத்திலாந்திக்கின் மேலே வரிசையாக வந்துகொண்டிருந்தன. அந்தக் கடலின் வானத்தை இரண்டு கட்டுப்பாட்டு மையங்கள் பங்கு போட்டுப் பார்க்கின்றன. கிழக்குப் பாதி பிரித்தானிய, அயர்லாந்துப் பக்கத்துக்கு. மேற்குப் பாதி கான்டருக்கு. 30 பாகை மேற்கு நெடுங்கோட்டில் விமானங்கள் கைமாறும். பாதி வழி தாண்டாதவை பலவும் திரும்பிப் போய்விட்டன. தாண்டியவை திரும்ப முடியாது. அவை கனடாவில்தான் இறங்க வேண்டும்.

ஒரு விஷயத்தை நினைத்துப் பாருங்கள். அந்த நேரத்தில் எந்த விமானத்துக்குள் இன்னோர் ஆபத்து இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. வாசலில் நிற்பவர் விருந்தாளியா கொலைகாரரா என்று தெரியாமல் கதவைத் திறப்பது போன்ற நிலைமை. கனடா திறந்தது. 200க்கும் மேற்பட்ட விமானங்களை ஏற்றுக்கொண்டது. ஐரோப்பாவிலிருந்து வந்தவற்றைப் பெரிய நகரங்களுக்கு மேலால் வரவிடாமல், முடிந்தவரை கிழக்குக் கரையிலேயே இறக்கினார்கள். அவற்றில் 38 பெரிய விமானங்கள் கான்டருக்கு வந்தன. ஓர் ஓடுபாதையை மூடி, அதன்மேல் விமானங்களை ஒன்றின் பின் ஒன்றாக நிறுத்தினார்கள். உள்ளே 6,500க்கும் மேற்பட்ட ஆட்கள். ஊரின் சனத்தொகை ஏறத்தாழ 10,000.

விமானத்துக்குள் ஒரு நாள், ஊருக்குள் ஐந்து நாள்

முதலில் நீண்டது விமானத்துக்குள்ளான காத்திருப்பு. ஒவ்வொரு விமானமாகத்தான் ஆட்களை இறக்கினார்கள். ஒவ்வொருவரையும் சோதித்து, பெயரைப் பதிந்து, பேருந்தில் ஏற்ற வேண்டும். பெவர்லி பாஸ் என்ற பெண் விமானி பரிஸிலிருந்து டலஸுக்குப் போன விமானத்தை ஓட்டி வந்திருந்தார். காலையில் தரையிறங்கிய அவருடைய பயணிகள் அடுத்த நாள் காலையில்தான் கதவைத் தாண்டினார்கள். நாடுகளையும் கடலையும் தாண்டிய நேரத்தைவிட, நின்ற விமானத்துக்குள் இருந்த நேரம் கூட.

அப்போது எல்லோர் கையிலும் கைத்தொலைபேசி இல்லை. என்ன நடந்தது என்று விமானிகள் சொன்னதுதான் பலருக்குத் தெரிந்த செய்தி. கோபுரங்கள் விழுந்த காட்சியை அவர்களில் மிகப் பலர் முதன்முதலாகப் பார்த்தது, இறங்கிப் போய்த் தங்குமிடங்களில் இருந்த தொலைக்காட்சியில். உலகம் முழுக்கப் பார்த்து ஒரு நாள் முடிந்த பிறகு. தாமதம் செய்திக்கும் வந்திருந்தது.

வெளியே ஊர் ஏற்கெனவே வேலையில் இறங்கியிருந்தது. பாடசாலைப் பேருந்துச் சாரதிகள் அந்த நேரம் வேலைநிறுத்தத்தில் இருந்தார்கள். பதாகைகளைக் கீழே வைத்துவிட்டுப் பேருந்துகளை எடுத்துக்கொண்டு வந்தார்கள். ஹோட்டல் அறைகளை விமானிகளுக்கும் பணியாளர்களுக்கும் ஒதுக்கினார்கள், அவர்கள்தான் பிறகு விமானத்தை ஓட்ட வேண்டும், நித்திரை தேவை. பயணிகள் பாடசாலைகளிலும் தேவாலயங்களிலும் சமூக மண்டபங்களிலும் தங்கினார்கள். கான்டரில் இடம் போதாமல் லூயிஸ்போர்ட், காம்போ, அப்பிள்டன், கிளென்வுட், நொரிஸ் ஆர்ம் என்று சுற்றியிருந்த ஊர்களும் ஆட்களைப் பங்கு போட்டு எடுத்தன.

பயணப்பெட்டிகள் விமானத்தின் வயிற்றுக்குள்ளேயே இருந்துவிட்டன. அதனால் மாற்றுடுப்பு, பற்தூரிகை, குழந்தைகளுக்கு நப்பி, எல்லாம் ஊர்க்காரர் கொண்டுவந்து குவித்தார்கள். மருந்து பெட்டிக்குள் மாட்டிக்கொண்டவர்களுக்காக, மருந்தகக்காரர்கள் உலகத்தின் மற்ற மூலைகளில் இருந்த வைத்தியர்களுக்கு எடுத்துக் கேட்டு மருந்து கொடுத்தார்கள். சமைத்த சாப்பாடு அளவுக்கு மீறி வந்து சேர, ஐஸ் ஹொக்கி மைதானத்தையே குளிர்சாதனப் பெட்டியாக்கினார்கள். தெருவில் மேசை போட்டு, வீட்டுக்கு இலவசமாகக் கதைக்கத் தொலைபேசிகளை வைத்தார்கள். முன்பின் தெரியாதவர்களை வீட்டுக்குக் கூட்டிப்போய்க் குளிக்க விட்டார்கள். விமானங்களுக்குள் நாய்களும் பூனைகளும், இரண்டு பொனோபோ குரங்குகளும்கூட இருந்தன. அவற்றுக்கும் சாப்பாடு போனது.

இவற்றுக்கெல்லாம் நடுவில் ஒரு சின்ன விஷயத்தைக் கவனியுங்கள். அந்த 38 விமானங்களிலும் பல டசின் நாடுகளின் ஆட்கள் இருந்தார்கள். கனடாவுக்கு வரும் எண்ணமே இல்லாமல் கிளம்பியவர்கள். சோதனை முடிந்ததும் எல்லோரும் ஊருக்குள் போனார்கள். உன்னிடம் எங்கள் நாட்டு விசா இருக்கிறதா என்ற கேள்வி அந்த வாரம் யாரையும் விமான நிலையத்துக்குள் பிடித்து வைக்கவில்லை.

13ஆம் திகதியிலிருந்து வானம் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தது. 16ஆம் திகதிக்குள் எல்லோரும் போய்விட்டார்கள். காசு கொடுத்தால் ஊர்க்காரர் வாங்க மறுத்தார்கள். லூயிஸ்போர்ட்டில் தங்கிய டெல்ரா 15 விமானத்தின் பயணிகள், வீடு திரும்பும் வழியில் ஆகாயத்திலேயே ஒரு புலமைப்பரிசில் நிதி தொடங்கி, அந்த ஊர்ப் பிள்ளைகளின் படிப்புக்காக 15,000 டொலருக்கும் மேல் எழுதிக் கொடுத்தார்கள். 2002இல் லுஃப்தான்ஸா தன்னுடைய விமானம் ஒன்றுக்குக் கான்டர், ஹாலிஃபாக்ஸ் என்ற பெயர்களைச் சூட்டியது. 2017இல் பிரோட்வேக்கு வந்த 'கம் ஃப்றம் அவே' இசை நாடகம் இந்தக் கதைதான். உங்களில் சிலர் பாடசாலைச் சுற்றுலாவில் பார்த்திருப்பீர்கள்.

விசா கேட்கும் தாமதங்கள்

கான்டரில் நடந்தது வழக்கமானது இல்லை. 2010 ஏப்ரலில் ஐஸ்லாந்தின் எயாஃபியாட்லயோகுட்ல் எரிமலை வெடித்துச் சாம்பலைக் கக்கியது. ஜெட் இயந்திரத்தின் சூட்டில் அந்தச் சாம்பல் உருகிக் கண்ணாடிபோல உள்ளே படிந்துவிடும். அதனால் ஐரோப்பாவின் பெரும்பகுதி வானத்தை ஏறத்தாழ ஆறு நாட்கள் மூடினார்கள். சுமார் 100,000 விமானப் பயணங்கள் இரத்தாகின. சுமார் 1 கோடிப் பேர் மாட்டிக்கொண்டார்கள்.

அந்தத் தடவை மாட்டிக்கொண்டவர்கள் இரண்டு வகை ஆனார்கள். சரியான பாஸ்போர்ட் வைத்திருந்தவர்கள் வெளியே போய் ஹோட்டலில் தங்கினார்கள், ரயில் பிடித்தார்கள், கார் வாடகைக்கு எடுத்தார்கள். ஃபிராங்க்ஃபேர்ட் போன்ற நிலையங்களில் விமானம் மாற வந்து, ஷெங்கன் விசா இல்லாமல் நின்றவர்கள் இடைத்தரிப்புப் பகுதிக்குள் மடிப்புக் கட்டில்களில் நாட்களைக் கழித்தார்கள். ஒரே சாம்பல், ஒரே வானம், ஒரே நாட்கள்.

இது எனக்கு முதலில் புத்தகத்தில் தெரியவில்லை. 2016இல் நானும் அம்மாவும் அம்மம்மாவைக் கூட்டிக்கொண்டு கொழும்பிலிருந்து ரொறன்ரோ வந்துகொண்டிருந்தோம். நடுவழியில் அடுத்த விமானம் இரத்து. இருபத்தாறு மணித்தியாலம் பொறுக்க வேண்டும். மூன்று பேருக்கும் ஹோட்டல் சீட்டு தந்தார்கள். வெளியே போகும் இடத்தில் அம்மாவின் கனடா பாஸ்போர்ட்டுக்கும் என்னுடையதுக்கும் இரண்டு நிமிடம். அம்மம்மாவுடைய இலங்கைப் பாஸ்போர்ட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, இவர் வெளியே போக முடியாது என்றார்கள். கையில் இருந்த ஹோட்டல் சீட்டு வெறும் கடதாசி. "நீங்கள் போய்ப் படுங்கோ பிள்ளை, நான் இந்தக் கதிரையில இருந்திடுவன்" என்றார் அம்மம்மா. அவருக்கு அப்போது எழுபத்துநான்கு வயது. நாங்கள் போகவில்லை. மூன்று பேரும் வாயில் ஓரத்துக் கம்பளத்தில் சீலையை விரித்துப் படுத்தோம். அன்று இரவுதான் நான் காத்திருப்பைப் பற்றி யோசிக்கத் தொடங்கினேன்.

ஒரு தரிப்பு, ஒரு வாழ்க்கை

கான்டருக்குத் திரும்புவோம். ஜெட்டுகள் மேலால் பறந்து போன காலத்திலும் ஒரு வகை விமானங்கள் அங்கே ஒழுங்காக இறங்கின. பனிப்போர்க் காலத்தில் மொஸ்கோவிலிருந்தும் கிழக்கு பெர்லினிலிருந்தும் கியூபாவின் ஹவானாவுக்குப் போன விமானங்கள். எரிபொருள் நிரப்பும்வரை பயணிகள் இறங்கி, அந்தச் சுவரோவிய மண்டபத்தில் நிற்பார்கள். கம்யூனிச நாடுகளின் ஆட்கள், ஆனால் காலடியில் இருப்பது கனடா மண்.

அவர்களில் சிலர் திரும்பி விமானத்தில் ஏறவில்லை. ஓர் அதிகாரியிடம் போய் அடைக்கலம் கேட்டார்கள். 1992இல் அப்படிக் கேட்டவர்களில் ஒருவர் கிம் ஃபுக். பெயர் தெரியாவிட்டாலும் அவரை உங்களுக்குத் தெரியும். 1972 ஜூன் 8ஆம் திகதி வியட்நாமில் நேபாம் குண்டில் எரிந்து, உடுப்பில்லாமல் தெருவில் ஓடி வரும் ஒன்பது வயதுச் சிறுமியின் படம், அந்தச் சிறுமிதான். வளர்ந்து கியூபாவில் படித்து, கலியாணம் கட்டி, மொஸ்கோவுக்குத் தேனிலவு போய்த் திரும்பும் வழியில் விமானம் கான்டரில் நின்றது. கணவனும் மனைவியும் ஏறவில்லை. இன்று அவர் கனடியர்.

மற்றப் பயணிகளுக்கு அந்தத் தரிப்பு ஒரு தொந்தரவு. காலை நீட்டிவிட்டு, கோப்பி குடித்துவிட்டு ஏறியிருப்பார்கள். இவருக்கு அதுதான் வாழ்க்கையின் வாசல்.

இனி எங்கள் ஆட்கள்

1980களில் இலங்கையை விட்டு ஓடிய தமிழர் பலருடைய பயணமும் இப்படியான தரிப்புகளால் ஆனதுதான். சோவியத் விமானத்தில் மொஸ்கோ, அங்கிருந்து கிழக்கு பெர்லினின் ஷோனஃபெல்ட் விமான நிலையம். அங்கே இறங்கி நகர ரயிலில் மேற்கு பெர்லினுக்குள் போய்விடலாம். பெர்லினின் பிரிவினையை மேற்கு நாடுகள் முறையான எல்லையாக ஏற்காததால், மேற்குப் பக்கத்தில் பாஸ்போர்ட் பார்க்க ஆள் இல்லை. பனிப்போர் விட்டுவைத்த ஓர் இடுக்கு அது. என் பெரியப்பா அந்த வழியால் வந்தவர்களில் ஒருவர். 1985 ஜூலையில், மேற்கு ஜேர்மனியின் விசா இல்லாத தமிழருக்குக் கிழக்கு ஜேர்மனி அந்த வழியை மூடியது.

போய்ச் சேர்ந்தவர்களுக்குப் பயணம் முடியவில்லை. அகதி விண்ணப்பத்துக்குப் பதில் வரும்வரை முகாம் வாழ்க்கை. தொடக்க வருடங்களில் வேலை செய்ய அனுமதி இல்லை. ஒதுக்கிய மாவட்டத்தை விட்டு வெளியே போகக் கூடாது. எந்த நேரமும் திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்ற பயம். பெரியப்பா இதைப் பற்றி அதிகம் கதைக்க மாட்டார். ஒரு முறை மட்டும் சொன்னார்: "பொறுத்திருக்கிறது பெரிய வேலையில்லை. எவ்வளவு நாள் எண்டு சொல்லாமல் பொறுக்க வைக்கிறதுதான்."

அந்தக் காத்திருப்பைத் தாங்க முடியாத 150க்கும் மேற்பட்ட தமிழர்கள், 1986 ஜூலை இறுதியில் மேற்கு ஜேர்மனியில் ஒரு கப்பலில் ஏறினார்கள். கனடாவுக்குக் கொண்டுபோய் விடுவதாகப் பேச்சு. கப்பல் அத்திலாந்திக்கைத் தாண்டியது. ஆனால் துறைமுகத்துக்கு வரவில்லை. கரைக்குக் கிட்ட வந்ததும் எல்லோரையும் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் இறக்கிவிட்டுத் திரும்பிப் போய்விட்டது. மூடுபனி. குளிர்ந்த கடல். நெருக்கியடித்துக்கொண்டு, கரை எந்தப் பக்கம் என்று தெரியாமல், நாட்களை எண்ணிக்கொண்டு மிதந்தார்கள்.

1986 ஓகஸ்ட் 11ஆம் திகதி அவர்களைக் கண்டவர் ஒரு மீன்பிடிப் படகோட்டி. பெயர் கஸ் டால்டன். நியூஃபவுண்ட்லாந்தின் தென்கிழக்குக் கரைக்காரர். அவர் பாஸ்போர்ட் கேட்கவில்லை. தன்னிடம் இருந்த தண்ணீரையும் சாப்பாட்டையும் கொடுத்தார், வானொலியில் மற்றப் படகுகளைக் கூப்பிட்டார், ஆட்களைப் படகில் ஏற்றினார். எல்லோரும் உயிரோடு கரை சேர்ந்தார்கள். சென்ற் ஜோன்ஸ் நகரில் பல்கலைக்கழக விடுதியில் தங்கவைத்தார்கள்.

பிறகு கேள்விகள் வந்தன. பயத்தில் அவர்கள் இந்தியாவிலிருந்து வந்ததாகச் சொல்லியிருந்தார்கள். ஜேர்மனியிலிருந்து வந்தது தெரிந்ததும் நாட்டில் கோபம் கிளம்பியது. வரிசையைத் தாண்டி வந்தவர்கள் என்று பேசினார்கள். ஆனாலும் அரசு அவர்களைத் திருப்பி அனுப்பவில்லை. ஒரு வருடம் தங்கவும் வேலை செய்யவும் அனுமதி கொடுத்தது. அவர்களில் பெரும்பாலானோர் மொன்றியலுக்கும் ரொறன்ரோவுக்கும் போய் வாழ்க்கையைத் தொடங்கினார்கள். முப்பது வருடம் கழித்து, 2016இல், சிலர் திரும்பி அந்தக் கரைக்குப் போய் டால்டனைச் சந்தித்தார்கள். அந்தப் படகில் வந்தவர்களின் பிள்ளைகள் இன்று எங்களோடு படித்தவர்கள், எங்கள் நண்பர்கள்.

ஒரே தீவு. 1986இல் படகில் வந்தவர்கள், 1992இல் விமானத்தில் ஏறாமல் நின்றவர்கள், 2001இல் வானத்திலிருந்து இறக்கப்பட்டவர்கள். மூன்று தடவையும் முதலில் எதிர்ப்பட்டவர்கள் பெரிய தலைவர்கள் இல்லை. ஒரு படகோட்டி, வாசலில் நின்ற ஓர் அதிகாரி, பேருந்துச் சாரதிகள், மருந்தகக்காரர், சமைத்துக் கொண்டுவந்த அம்மாக்கள்.

இன்று எங்கள் கையில் இருப்பது

இப்போது தாமதத்துக்குச் சட்டங்கள் வந்துவிட்டன. தெரிந்து வைத்திருங்கள், வீட்டில் மற்றவர்களுக்கும் நீங்கள்தான் சொல்ல வேண்டியிருக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2005 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்த விதி, நெடுந்தாமதத்தில் சாப்பாடும், இரவு தங்க வேண்டி வந்தால் ஹோட்டலும் தரச் சொல்கிறது. எரிமலை வெடித்தாலும் அந்தக் கவனிப்புக் கடமை போகாது என்று 2013இல் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. கனடாவில் 2019இல் வந்த விதிகளின்படி, புறப்படாமல் நிற்கும் விமானத்துக்குள் பயணிகளை மூன்று மணித்தியாலத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது, உடனே கிளம்பிவிடும் என்றால் மட்டும் இன்னும் 45 நிமிடம் பொறுக்கலாம்.

ஆனால் எந்தச் சட்டமும் அம்மம்மாக்களின் பாஸ்போர்ட்டை மாற்றாது. பெரியவர்களோடு பயணம் செய்வதென்றால், ரிக்கெற் எடுக்கும்போதே நடுவில் நிற்கும் நாட்டுக்கு அவர்களுக்கு விசா தேவையா என்று பாருங்கள். இருபது டொலர் மலிவு என்பதற்காக, அவர்கள் கதவைத் தாண்ட முடியாத ஊரில் நீண்ட தரிப்பு எடுக்காதீர்கள். அவர்களுடைய மருந்தைக் கைப்பையில் வையுங்கள்; கான்டர் மருந்தகக்காரர் எல்லா ஊரிலும் இருக்க மாட்டார்.

அடுத்த தடவை பலகையில் உங்கள் விமானத்துக்கு நேரே சிவப்பு எழுத்து வந்தால் கோபம் வரும், எனக்கும் வரும். முறைப்பாடு செய்யுங்கள், உரிமையைக் கேளுங்கள். அதோடு பக்கத்துக் கதிரையையும் ஒரு தடவை பாருங்கள். ஹோட்டல் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு வெளியே போக முடியாமல் ஒருவர் இருக்கலாம். மொழி தெரியாததால் அறிவித்தல் விளங்காமல் ஒருவர் இருக்கலாம். தொலைபேசியில் சார்ஜ் இல்லாமல், பிள்ளைகளுக்குச் சொல்ல வழியில்லாமல் ஒரு தாய் இருக்கலாம். கான்டர்க்காரர் செய்ததில் பாதி இந்த அளவான உதவிதான்: ஒரு தொலைபேசி, ஒரு தேத்தண்ணி, ஒரு போர்வை.

வீட்டில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றும் இருக்கிறது. அப்பா, அம்மா, மாமா, பெரியம்மா யாராவது 1980களிலோ 90களிலோ வந்தவர்கள் என்றால், எந்த ஊருக்கு வந்தீர்கள் என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். வழியில் எங்கே நின்றீர்கள், எவ்வளவு நாள், அங்கே யார் சாப்பாடு தந்தது என்று கேளுங்கள். அந்தப் பெயர்கள் எந்தப் புத்தகத்திலும் இல்லை. அவர்கள் இருக்கும்போதே எழுதி வையுங்கள்.